இயந்திரம் வெள்ளைக்காரருடையது, ஆணி என்னுடையது

புதிதாக நிலைய அதிபர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், இந்த முறையாவது சேர்த்திருந்தால் தங்கைமாருக்கும் வணக்கம்.

உங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். ‘நமது தொழிலுக்கு ஆங்கிலேயர் தந்த அரிய கண்டுபிடிப்புகளும் அவை தோன்றிய வரலாறும்’ என்ற தலைப்பில், இளையோர் மனதில் பெருமிதம் பிறக்கும் வகையில் ஒரு கட்டுரை வேண்டுமாம். ஓய்வு பெற்று மட்டக்களப்பு வாவிக்கரையில் கொக்கு எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பார். சரியாகத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் கொக்கு எண்ணும் வேலையில் எனக்கு மேலதிகாரி கிடையாது, எண்ணிக்கை பிழைத்தால் விளக்கம் கேட்டு யாரும் கடிதம் போடுவதும் கிடையாது. அப்பேர்ப்பட்ட வேலையை ஒரு வாரம் ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பெருமிதம் பிறக்கிறதா என்று படித்து முடித்த பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பு என்றதும் ஒரு மேதை நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல உங்களுக்குப் படம் தோன்றும். பாடப் புத்தகம் செய்த வேலை அது. தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் ஏதோ கலவையைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். குச்சி நுனியில் காய்ந்து ஒட்டியிருந்ததைக் கணப்படுப்புக் கல்லில் உரசி நீக்கப் பார்த்தார், பற்றிக்கொண்டது. பாவித்த குச்சியை உடனே கழுவி வைக்கும் நல்ல பழக்கம் அவருக்கு இருந்திருந்தால் நாங்கள் கைகாட்டிக் கம்பத்து விளக்கைக் கொளுத்துவதற்குப் பட்ட பாடு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். துருப்பிடிக்காத உருக்கும் அப்படித்தான். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமலிருக்க ஓர் ஆங்கிலேயர் வழி தேடினார். மனிதரை நீண்ட காலம் சுடுவதற்கு வசதி தேடப் போய், நாங்கள் சோறு தின்னும் கோப்பை கிடைத்தது.

இது முதலாவது வகை. தற்செயல் என்பார்கள். இரண்டாவது வகை, ஆட்கள் செத்த பிறகு வருவது. உங்கள் மேசையில் நாளைக்கு இருக்கப் போகும் இரும்புப் பெட்டி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

கதை இதுதான். இங்கிலாந்தில் ஓர் ஒற்றைத் தண்டவாளம். இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வரும், எது முதலில் என்பதை இரண்டு நிலையங்களும் தந்தி மூலம் பேசி முடிவு செய்யும். தந்தியில் பொறுப்பான அதிகாரி கையெழுத்து வைத்த பிறகுதான் அதை அனுப்ப வேண்டும் என்று சட்டம். ஒரு மழை நாளில் அதிகாரி வாயால் சொன்னார், தந்தி இலிகிதர் எழுதினார், கையெழுத்து இல்லாமலே அனுப்பினார். இரண்டு வண்டியும் ஒரே பாதையில் எதிரெதிரே புறப்பட்டன. அதிகாரி சொன்னது என்ன, இலிகிதர் விளங்கிக்கொண்டது என்ன என்று விசாரணை நடந்தது. விசாரணை எப்போதும் மிக ஒழுங்காக நடக்கும். அதற்குள் செத்தவர்களை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

அதைப் பார்த்துவிட்டு ஒருவர் ஒரு முடிவுக்கு வந்தார்: மனிதனை நம்பக் கூடாது. தன் நாட்டு மனிதரையே நம்பாத அவர் செய்ததுதான் நம்முடைய டெப்லட் இயந்திரம். இரண்டு நிலையங்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. பெட்டிக்குள் உள்ளங்கை அளவு உலோக வட்டுகள், அவற்றில் அந்த இரண்டு நிலையங்களின் பெயர். இதைத்தான் டெப்லட் என்கிறோம். மறுமுனைக்காரர் சம்மதித்துப் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு வட்டு வெளியே வரும். அது ஏதாவது ஒரு முனையில் திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை இரண்டாவது வட்டு வராது, நீங்கள் அழுதாலும் வராது, அமைச்சர் வந்து அதட்டினாலும் வராது. அந்த வட்டு கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்கக் கூடாது. ஒரு பாதை, ஒரு வட்டு, ஒரு வண்டி.

இவ்வளவு அழகான இயந்திரத்துக்கு நான் ஒரு மேம்பாடு கண்டுபிடித்தேன். ஆணி.

என் நிலையம் ஏறாவூருக்கு அப்பால் எங்கோ ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். இரண்டு பக்கத்துப் பாதைக்குமான இரண்டு இயந்திரங்களும் அறையின் உள்மூலையில் இருந்தன. அங்கிருந்து மேடைக்கு வர மேசையைச் சுற்றிப் பத்து அடி நடக்க வேண்டும். இருபத்தாறு வருட அனுபவசாலியை ஒரு நாளைக்குப் பத்து அடி கூட நடக்க வைக்கலாமா? கதவு நிலைக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். அடுத்த பாதைக்குரிய டெப்லட்டை முன்கூட்டியே எடுத்து, தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு அந்த ஆணியில் மாட்டிவிடுவேன். வண்டி வந்ததும் கையை நீட்டினால் போதும், பை கையில். வந்த டெப்லட்டை அதன் பிறகு ஆறுதலாகப் பெட்டிக்குள் போடலாம். அயல் நிலையங்களிலிருந்து வந்து பார்த்து மெச்சினார்கள். ‘சேர்ர மூளை’ என்றார்கள். என் தலைக்குள் மூளைக்கு மேலே வேறு ஏதோ ஏறிக்கொண்டிருந்ததை அவர்களும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அந்த வருட மாரி மிகவும் மோசம். வயல் வட்டையெல்லாம் வெள்ளம் நின்று, எது வயல் எது வாவி என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடந்தது. மட்டக்களப்புக்குப் போகும் வீதி இரண்டு இடத்தில் மூழ்கிவிட்டது. தண்டவாளம் மட்டும் மேட்டில் தப்பியிருந்தது. ஒவ்வொரு நாளும் பகல் மட்டக்களப்பை நோக்கிப் போகும் வண்டி முதலில் என் நிலையத்துக்கு வரும், நான் உடனே அனுப்பிவிடுவேன், மட்டக்களப்பிலிருந்து வரும் வண்டியை அது அடுத்த நிலையத்தில் சந்திக்கும். வருடக்கணக்காக அதே பழக்கம். அன்று மழையால் அந்த வண்டி தாமதம். ஆகவே மட்டக்களப்பு வண்டியை என் நிலையம்வரை வரவிடுவது என்று முடிவாயிற்று. அடுத்த நிலையத்துக்காரர் கேட்டார், நான் சம்மதித்தேன், இந்த விரலால் நானே பொத்தானை அழுத்தினேன். அங்கே வட்டு வெளியே வந்தது. அந்த வண்டி புறப்பட்டது.

பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது நிலையத்து வாசலில் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. அதன் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில், படங்கு விரிப்பின் கீழே ஒரு பெண், நிறைமாதம், வலி வந்துவிட்டது. கணவன் இடுப்புவரை சேறு. வயல் செய்கிறவன், முப்பது வயதிருக்கும்.

“ஐயா, ரோட்டால போக ஏலா. எல்லாம் வெள்ளம். கோச்சியிலதான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும்” என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னான்: “முதல் புள்ளையும் இப்பிடித்தான் ஐயா, பிந்திப்போய் வயித்துக்குள்ளேயே போயிட்டுது. இதையும் விட்டிருவமோ எண்டு பயமா இருக்கு.”

“பயப்படாதீங்க மகன். இந்தா கோச்சி வருது, வந்ததும் அனுப்பிறன்” என்றேன். அதை மனதாரச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. அதுதான் பிழையே.

வண்டி வந்தது. எங்கள் போர்ட்டர் சாரதியிடமிருந்து வந்த டெப்லட் பையை வாங்கினார். நேராக உள்ளே கொண்டுவந்து என்னிடம் தர வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணால் நடக்க முடியவில்லை, தூக்க ஆள் வேண்டும். “சேர், உங்கட கதிரைய எடுக்கட்டா?” என்று கேட்டார். “எடுங்க, எடுங்க” என்றேன். கதிரையைத் தூக்க இரண்டு கையும் தேவை. கையிலிருந்த பையை எங்கே வைப்பது? சேரின் அருமையான ஆணி இருக்கிறதே. மாட்டினார். அந்தப் பெண்ணை என் கதிரையில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி, வண்டிக் காவலர் இருக்கும் காட் பெட்டியில் ஏற்றினார்கள்.

நான் அறை வாசலுக்கு வந்தேன். ஆணியில் பை தொங்கியது. ஆணியில் தொங்குவது எப்போதும் போகிற வண்டிக்குரியதுதானே? வண்டிக்கு வழிவிடக் கைகாட்டியை இறக்கினேன். பையை எடுத்தேன். ஓடிப்போய்ச் சாரதியிடம் கொடுத்தேன். மனிதனை நம்பாத அந்த இயந்திரம் உள்மூலையில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது. அது தன் கடமையைச் சரியாகவே செய்தது. எதிர்ப்பக்கத்து வண்டி புறப்பட்ட பிறகு அது ஒரு வட்டைக் கூட வெளியே விடவில்லை. அதை நான் கேட்கவே இல்லை, எனக்குத்தான் ஆணி இருந்ததே.

சாரதி ஏறாவூர்ப் பொடியன். அந்தப் பாதைக்கு வந்து எட்டு மாதம். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த நிலையத்தில் டெப்லட்டைக் கொடுத்தாலும் பையிலிருந்து வெளியே எடுப்பார், இரண்டு நிலையத்தின் பெயரையும் வாய்விட்டு வாசிப்பார், திரும்பப் பைக்குள் போடுவார். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, சாரதி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சட்டத்தில் எவ்வளவோ இருக்கிறது. மற்றச் சாரதிமார் பையைத் தட்டிப் பார்த்து, உள்ளே கனமாக ஏதோ இருக்கிறது என்று திருப்திப்பட்டுப் போய்விடுவார்கள். இவரைப் பாதை முழுக்கப் ‘பாலர் வகுப்பு’ என்றுதான் அழைப்போம். அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். அதையும் என் கண்டுபிடிப்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றும் எடுத்தார், வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். யன்னலால் எட்டிப் பார்த்தார்.

“சேர், இது நான் கொண்டுவந்தது.”

“தம்பி, நீங்க பால் குடிக்கக்குள்ள நான் டெப்லட் குடுத்துக்கொண்டிருந்தவன். கெதியா எடுங்க, உள்ளுக்குப் புள்ளப்பெறு கேஸ்.”

“குடுத்திருப்பீங்க சேர். ஆனா இது நான் கொண்டுவந்ததுதான்.”

காட் விசில் ஊதினார். பயணிகள் யன்னலால் தலையை நீட்டிக் கத்தத் தொடங்கினார்கள். நான் அவர்களை அடக்கவில்லை, சேர்ந்து கத்தினேன். சாரதி பையோடு எஞ்சினை விட்டு இறங்கினார். கணவன் ஓடிவந்து அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தான்.

“உண்ட பொஞ்சாதியா இருந்தா இப்பிடி இறங்கி நிப்பியாடா?”

“நிப்பன் அண்ணன்” என்றார் அவர். கையைத் தட்டிவிடவும் இல்லை. “அங்கால ஒரு கோச்சி வந்துக்கிட்டிருந்தா, உங்கட ஆளும் இதுக்குள்ளதானே இருக்கிறா.”

‘அங்கால ஒரு கோச்சி’ என்ற சொல் காதில் விழுந்ததும் கத்துவதை நிறுத்தினேன். ஆனாலும் வாய் விடவில்லை. “உள்ளுக்கு வாங்க, காட்டிறன்” என்று அவரை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். அவர் வட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். “சேர், நீங்களே வாசிங்க” என்றார்.

வாசித்தேன். அவர் கடந்து வந்த நிலையத்தின் பெயரும் என் நிலையத்தின் பெயரும். பிறகு மூலையிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். மட்டக்களப்புப் பக்கத்து இயந்திரத்தின் சிறிய கண்ணாடிக்குள், வண்டி பாதையில் வருகிறது என்று எழுதியிருந்தது. அதை எழுத வைத்தது என் விரல்.

கைகாட்டியை மறுபடி உயர்த்தி வழியை மறித்தேன். உட்காரலாம் என்று பார்த்தால் கதிரை இல்லை, அது காட் பெட்டியில் இருந்தது. தரையில் உட்கார்ந்தேன். சாரதி பக்கத்தில் நின்றார். ஆறு நிமிடத்தில் வாவிப்பக்கமிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. மட்டக்களப்பு வண்டி நிலையத்துக்குள் வந்தது, நிறைய ஆட்கள். ஒரு பெட்டியின் யன்னலில் ஒரு சின்னப் பிள்ளை வடை தின்றுகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நான் திரும்ப ஆட்டவில்லை, கை எழும்பவில்லை.

வந்த வட்டுகளைப் பெட்டிகளில் போட்டு, புதிய வட்டை எடுத்து, மேசையைச் சுற்றிப் பத்து அடி நடந்து போய்ச் சாரதியிடம் கொடுத்தேன். அவர் வாசித்துப் பார்த்தார். பிறகுதான் எடுத்தார். அந்தப் பெண் நேரத்துக்கு ஆசுபத்திரி போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை, சுகம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. நெருக்கடியில் நிதானம் என்று தலைப்புப் போட்டு உங்கள் பொறுப்பாளருக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் தொழிலில் வண்டி போன பிறகும் ஒரு வேலை இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். பேனையை எடுத்தேன். ‘டெப்லட்டைச் சாரதி பரிசோதித்ததால் ஏற்பட்ட தாமதம்’ என்று எழுதினேன். பாருங்கள், அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்படி ஒரு வசனம் எழுத இருபத்தாறு வருட அனுபவம் வேண்டும். தண்டவாளத்தில் பிழை விட்டபோது நான் மறதிக்காரன். மேசையில் அதை எழுதியபோது எனக்கு நல்ல நினைவு இருந்தது. இரண்டில் எது கேவலம் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தக் கணவன் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தான். “ஐயா, நீங்க செய்த உதவிய மறக்க மாட்டம். அந்த றைவர்தான் படுபாவி, நேரத்தத் திண்டுபோட்டான்” என்றான். இல்லை மகன், அவன் இல்லாவிட்டால் உனக்கு இன்று மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயால் “பிள்ளைக்கு என்ன பேர்?” என்று கேட்டேன். தயிரையும் சாப்பிட்டேன். நல்ல கட்டித் தயிர்.

அதற்கு நாலு நாள் கழித்துச் சாரதி வண்டியை நிறுத்திவிட்டு அறைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். நியாயமான காரணமின்றி, அவசர நோயாளி இருந்தும், வண்டியைத் தாமதப்படுத்தியதற்கு எச்சரிக்கை.

“சேர், இனி வாசிக்காமப் போகவா?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே அறிவுரை கேட்டார். என்னிடம்! எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் வந்த அழுகை. அன்றே இரண்டாவது அறிக்கை எழுதினேன், ஆணி உட்பட. சுத்தியல் தேடி ஆணியையும் பிடுங்கி எறிந்தேன். அவருக்குக் கொடுத்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு இடமாற்றம் கிடைத்தது, யானைகள் மட்டுமே நேரம் தவறாமல் வரும் ஒரு காட்டு நிலையத்துக்கு, மூன்று வருடம். யானைகளுக்கு டெப்லட் தேவையில்லை என்பதால் நல்ல ஓய்வு.

அறிக்கை அலுவலகக் கோவைக்குள் போய்விட்டது. நானும் அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று விபத்தில்லாத சேவை என்று புகழ்ந்து மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டினேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பழைய நிலையத்தில் இறங்கினேன். உங்களைவிட இரண்டு வருடம் மூத்த ஒரு தம்பி பொறுப்பில் இருக்கிறார், நல்ல பிள்ளை, தேத்தண்ணீர் தந்தார். பகல் வண்டி வந்தது. எஞ்சினிலிருந்து, இரண்டு நிலையத்தின் பெயரை யாரோ வாய்விட்டு வாசிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், அவர்தான், தாடி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் “சேர், சுகமா?” என்று கையைத் தூக்கினார். இந்த முறை என் கை எழும்பியது.

வண்டி போனதும் தம்பி சிரித்தார். “நல்ல மனிசன் சேர். ஆனா பாலர் வகுப்பு மாதிரி ஒவ்வொரு நாளும் வாசிச்சு அரை நிமிசத்தத் திண்டுபோடுவார்.”

நான் வைத்த பெயர் இன்னும் உயிரோடு இருந்தது. சிரிக்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். கதவு நிலைக்குப் பக்கத்தில், சுவரில், ஓர் ஆணி. அதில் தோல் பை தொங்கிக்கொண்டிருந்தது.

“இத ஆர் அடிச்ச?” என்று கேட்டேன்.

“அடிக்கல்ல சேர். வரக்குள்ளேயே அதில ஓட்டை இருந்திச்சு. நான் ஆணியத்தான் செருகின. நல்ல வசதி சேர், பத்து அடி மிச்சம்.”

சீமெந்தைக் கண்டுபிடித்தவரும் ஓர் ஆங்கிலேயர்தான், ஒரு மேசன். கல் வாங்க வழியில்லாமல் வீதியில் பதித்திருந்த சுண்ணாம்புக் கல்லையே பெயர்த்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். கலியாண வீட்டுக்குப் போகவில்லை. சந்திக் கடையில் ஒரு சின்னப் பை சீமெந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆணியைப் பிடுங்கி, போத்தல் மூடியில் சீமெந்தைக் குழைத்து, விரலால் அந்த ஓட்டையை அடைத்தேன். கலியாணச் சட்டையெல்லாம் சீமெந்து.

தம்பி திகைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்குப் போய் ஏன் சேர் நீங்க மினக்கெடுறீங்க? போர்ட்டரிட்டச் சொன்னாச் செய்வாரே.”

“நான் போட்ட ஓட்டை தம்பி” என்றேன். “கதிரை ஒண்டு எடுத்துப் போடுங்க, இருந்து சொல்லுறன்.”